சிமுரெங்காவும் மாமாவின் பாஸ்போர்ட்டும்

எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் வந்தாலும் என்னை நிற்க வைத்து, தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்கச் சொல்வார்கள். பால்காரர்கூடத் தப்பியதில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை, கேட்காமலே ஆரம்பித்துவிடுவேன்.

எனக்கு எட்டு வயது. ஜிம்பாப்வேயில் டைல்ஸ் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் லால்பேட்டைக்கு வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே போலீஸ் விசாரணைதானோ என்று அம்மா ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

மாமாவின் போனில் எந்நேரமும் அந்த ஊர்ப் பாட்டுதான். "சிமுரெங்கான்னு பேரு. வெள்ளைக்காரன எதுத்து காட்டுல ஒளிஞ்சி சண்ட போட்டாங்கல்ல, அந்தக் கலகத்துக்கு அவுங்க பாஷையில அதான் பேரு. அவுங்க பாடுனதுதான் இப்ப கிட்டாரோட கல்யாண வீடு வரைக்கும் வந்துடுச்சி" என்று சொல்லிக்கொடுத்தார். ஒரே நாளில் பாடமாக்கிவிட்டேன்.

போலீஸ்காரர் வந்த காலையில் வீடே பதறியது. பதற்றத்தில் ஜன்னலில் பாடிக்கொண்டிருந்த போனை யாரும் அணைக்கவில்லை. வந்தவர் டீயை வாங்கிக்கொண்டு, "இது என்ன பாட்டு, ஒண்ணும் வெளங்கலியே" என்றார். மாமா வாய் திறப்பதற்குள் நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றுவிட்டேன்.

"சிமுரெங்கா. துப்பாக்கி வச்சிக்கிட்டு காட்டுல ஒளிஞ்சி சண்ட போடுறவங்க பாட்டு. எங்க மாமாவுக்கு எல்லாம் மனப்பாடம்."

"அப்டியா பாப்பா" என்றார் அவர். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். எதையோ எழுதினார். ரிப்போர்ட் கடலூருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீ அப்படியே இருந்தது.

அன்றே மாமா போனிலிருந்த பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தார். அடுத்த பத்து நாளும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நான் பக்கத்தில் போனால், "உள்ள போய்ப் படி" என்பார் மாமா, முகத்தைப் பார்க்காமலே. சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் கோபம் என்று எனக்கு அழுகையாக வந்தது.

கடைசியில் பாஸ்போர்ட் வந்தது. போலீஸ்காரர் என்ன எழுதினாரோ, யாருக்கும் தெரியாது. திரும்ப ஜிம்பாப்வேக்குக் கிளம்பும்போது மாமா என் தலையைத் தடவ வந்தார். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு என் மேல் கோபமே இல்லை, பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.