பதிமூன்றாவது படம்

சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிறவன் நான்தான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வாரப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன். வெளிச்சம் பட்டால் பிலிமில் விழும், படாவிட்டால் விழாது, எனக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், குற்றால சீசன். ஐந்தருவிக் கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், பன்னிரண்டும் முடிந்து பிலிமைச் சுற்றி வெளியே எடுத்தும் விட்டேன், அப்போதுதான் பலாமரத்தடியிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார்கள். பெயர் மைமூன், தென்காசி. இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை.

“தம்பி, எம்பிள்ளைய ஒரு படம் எடுங்களேன். இவ வாப்பா கொழும்புல கடையில நிக்காக. இன்னும் பிள்ளை மொகத்தப் பாக்கல.”

“ஸ்டுடியோவுல எடுக்கலாமே அக்கா?”

“ரெண்டு தடவ போனேன். அந்த ஆளு கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டதும் வீரிட்டு அழுதுட்டா. ஒங்களப் பாத்தாத்தான் சிரிக்கா. மூஞ்சி அப்படி இருக்கு!”

பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ‘என்னையும் எடு’ என்று கூட்டம் மொய்த்தால் சும்மா ஒரு கிளிக் அடித்துச் சமாளிப்போம். அதைத்தான் செய்தேன். சாரலில் கால் நனைய நனையக் குழந்தை சிரித்தது, அக்கா நம்பிக்கையாகத் தெருப் பெயரைச் சொன்னார்கள், எனக்கு நெஞ்சு உறுத்தியது.

மறுநாள் தென்காசியில் ரோலைக் கழுவிய சங்கரன் அண்ணாச்சி கத்தினார்: “ஏலே, பன்னெண்டுன்னுதான சொன்ன? எண்ணிப் பாரு!”

பதிமூன்று. கடைசியில் அந்தக் குழந்தை. நம்பினால் நம்புங்கள், இன்னொரு ரோலைப் பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தோம், இரண்டும் ஒரே நீளம், படங்களும் ஒரே அளவு, ஆனாலும் இதில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. போதாததற்கு, குழந்தையின் பாதத்தை ஒரு ஆண் கை பிடித்திருந்தது. சத்தியமாக அந்தப் பலாமரத்தடியில் ஆண் என்று நான் ஒருத்தன்தான் நின்றேன்.

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பயப்படவே இல்லை. படத்தை மெல்லத் தடவினார்கள்.

“இது அவுக கைல்லா. தறியில மாட்டிக் கோணிப்போன சுண்டுவெரலு, எனக்குத் தெரியாதா?”

வெறும் கேமராவை அடித்ததை அப்போதே ஒப்புக்கொண்டேன். “போங்க தம்பி,” என்று சிரித்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பக் கவர் தேடினார்கள்.

அந்தக் கவர் போய்ச் சேருமுன்பே அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்: ‘வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கண் அசந்தேன். பிள்ளை காலைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. சாரலில் கொண்டு போகாதே.’ நான் கிளிக் அடித்ததும் அதே வெள்ளி மத்தியானம்தான்.

அதற்குப் பிறகு வெறும் கேமராவை நான் யாருக்கும் தூக்கியதில்லை. நெகட்டிவை மட்டும் அடிக்கடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். குழந்தையின் கால் முழுக்கச் சாரல் துளி. அந்த விரல்களில் மட்டும் ஒரு துளிகூட இல்லை.