கடைசியாகப் பார்த்தவள்

“கொழந்தைய மொதல்ல யாரு பாத்தது?”

கைக்குழந்தையோடு பஸ் ஏறுகிற பெண்களிடம் கண்டக்டர் சங்கமித்ரா கேட்கும் முதல் கேள்வி இது. எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது. ஆணா பெண்ணா, நார்மலா ஆபரேஷனா, அம்மா சாடையா அப்பா சாடையா என்று ஊரே கேட்கிற கேள்விகள் அவளுக்கு வேண்டாம். கேட்கப்பட்டவள் கொஞ்சம் திகைத்து, “எங்க மாமியாருன்னு நெனைக்கிறேன்” என்றோ, “நர்ஸம்மா” என்றோ சொல்வாள். சங்கமித்ரா “ம்” என்று தலையாட்டிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள். யாராவது ஒருத்தி “நான்தான் பாத்தேன், வேற யாரு பாப்பாங்க?” என்று சொல்லிவிட்டால் மட்டும் டிக்கெட் சற்று வேகமாகக் கிழியும்.

பெங்களூர் மார்க்கெட்டிலிருந்து ஹெப்பகோடி போகிற பஸ் அது. புடவைக்கு மேல் காக்கிக் கோட்டு, தோளில் தோல் பை, காதோரம் செருகிய பென்சில், ஒல்லியான உடம்பு. அந்த உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று முதல் தடவை ஏறுகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. முன்பக்கத்துப் பெண்களைக் கன்னடத்தில் “முந்தெ ஹோக்ரி” என்று நகர்த்துவாள். பின்பக்கத்துக்குத் தமிழ். படியில் தொங்குகிற நீலசந்திரா பையன்களுக்கு, “அந்தர் ஆவ் ரே, உங்கம்மா ஒன்ன தொங்கவா பெத்தா?” என்று உருதுவும் தமிழும் கலந்து. அப்பா புத்த சங்கத்துக்காரர். மகள் சாந்தமாக வளர வேண்டும் என்று அசோகரின் மகள் பெயரை வைத்தார். டிரைவர் முனிகிருஷ்ணன் அதைச் சங்கமா என்று சுருக்கிவிட்டார். சாந்தத்தை அவள் தானே சுருக்கிக்கொண்டாள்.

வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதம் வரைக்கும் இதே பஸ்ஸில்தான் நின்றாள். அப்போது அவளுடைய பிரசவத்தைப் பற்றி பஸ்ஸில் இரண்டு கருத்து கிடையாது. நிற்கிற வேலை, நடக்கிற வேலை, அதற்கு மேல் ஓசூர் ரோட்டுப் பள்ளங்கள். “இந்தக் குலுக்கல்ல புள்ள தானா வழுக்கினு வந்துடும் பாரு” என்று கார்மெண்ட்ஸ் பெண்கள் அடித்துச் சொன்னார்கள். வாழைத்தார் ஏற்றி வருகிற அத்திபெலே கிழவர்கூடச் சொன்னார். முனிகிருஷ்ணன் அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டு, தவிர்க்கக்கூடிய பள்ளங்களைக்கூடத் தவிர்க்காமல் ஓட்டினார். மாமியார் சந்திரம்மா நான்கு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவள். அதில் ஒன்றைப் பெறும்போது அடுப்பில் சோறு குழையாமல் பார்த்துக்கொண்டதாகவும் சொல்வாள். அவளும் மருமகளைப் பார்த்து, “இவ எலும்பு நல்ல எலும்பு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சங்கமித்ராவுக்கும் சந்தேகம் இல்லை. ஒன்றுதான் யோசனையாக இருந்தது. தான் கத்துகிற கத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிடுமே என்று கூச்சப்பட்டாள்.

கத்த வேண்டிய அவசியம் வரவில்லை. அதற்கு முன் படவேண்டிய வலியெல்லாம் பட்டாள். உகாதி முடிந்த வாரம், பக்கத்து வீட்டு யூஜின் தன் ஆட்டோவில் விடிகாலை கொண்டுபோய்ச் சேர்த்தான். பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். சாயங்காலம் ஆகும்போது டாக்டரம்மா வயிற்றில் காதுக்குழலை வைத்துக் கேட்டாள். இன்னொரு தடவை வைத்துக் கேட்டாள். பிறகு யாரும் சங்கமித்ராவிடம் பேசவில்லை, அவளுக்கு மேலாகப் பேசினார்கள். கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறது, துடிப்பு இறங்குகிறது, சீக்கிரம் என்பதெல்லாம் காதில் விழுந்தன. கட்டில் உருண்டது. பெரிய விளக்கின் கீழ் ஒரு நர்ஸ் குனிந்து, “எந்த சாமிய வேணும்னாலும் கும்புட்டுக்கோம்மா, கண்ண மட்டும் மூடிக்கோ” என்றாள். எந்தச் சாமி என்று முடிவு செய்வதற்குள் சங்கமித்ரா தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை பிறந்தது மட்டும் முடிந்திருந்தால் பரவாயில்லை. மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது, நிறம் எந்தப் பக்கத்து நிறம் என்ற பாகப்பிரிவினையும் முடிந்துவிட்டிருந்தது. மூக்கு சந்திரம்மாவுக்கு. நெற்றியும் வாயும் புருஷன் சீனுவுக்கு. செத்துப்போன மாமனாருக்குக்கூட முகவாய் ஒதுக்கியிருந்தார்கள். பெற்றவளுக்கென்று மிச்சம் இருந்தது காது ஒன்றுதான்.

யார் யார் எந்த வரிசையில் பார்த்தார்கள் என்பது அவளுக்குப் பிறகு தெரியவந்தது. நர்ஸ் குழந்தையோடு வெளியே வந்து, “சங்கமித்ரா ஆளு யாரு?” என்று கேட்ட நேரத்தில் சீனு மருந்துக் கடையில் நின்றிருந்தான். சந்திரம்மா முகம் கழுவப் போயிருந்தாள். பெஞ்சில் இருந்தது யூஜின் ஒருவன்தான். அவன் எழுந்து நின்று கையை நீட்டிவிட்டான். அவனுக்குப் பிறகு சந்திரம்மா, பிறகு சீனு, பிறகு நீலசந்திராவிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஓர்ப்படி, பக்கத்துக் கட்டில்காரி, அவளுடைய தங்கச்சி. யூஜினுக்கு அந்தப் பெருமை இன்னும் தீரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் ஆட்டோவை நிறுத்தி, “இந்த உலகத்துல ஒன் பொண்ண மொதல்ல பாத்தவன் நான்தான் சிஸ்டர், மறந்துடாத” என்று சொல்லிக் குழந்தைக்கு பிஸ்கட் கொடுப்பான். நல்லவன். அவனை என்ன செய்வது?

குழந்தைக்கு தர்ஷினி என்று பெயர் வைத்தான் சீனு. பெங்களூரில் நின்றுகொண்டே இட்லி சாப்பிடும் ஓட்டல்களுக்கெல்லாம் அந்தப் பெயர் உண்டு. பார்க்கக் கிடைப்பவள் என்று ஏதோ அர்த்தமாம். “எல்லாருக்கும் கெடச்சா, எனக்குத்தான் லேட்டு” என்றாள் சங்கமித்ரா. சீனு அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

மாமியாரின் சொல்தான் அதிகம் குத்தியது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடமெல்லாம் சந்திரம்மா, “இவளுக்கு என்ன, தூங்கி எழுந்தா கைல புள்ள” என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகள் கஷ்டப்படாமல் தப்பித்தாளே என்ற உண்மையான சந்தோஷம் அதில் இருந்தது. அதனால் சண்டையும் போட முடியவில்லை. பகல் முழுக்கப் பட்ட வலி கணக்கில் சேரவில்லை, ஏனென்றால் அதன் முடிவில் பிள்ளை வரவில்லை. பிறகு தும்மினால், சிரித்தால், புரண்டு படுத்தால் தையல் இழுத்த வலியும் சேரவில்லை, ஏனென்றால் அது பிள்ளை வந்த பிறகு வந்த வலி. “ரெண்டு வலியும் எனக்கு, நார்மல்னு பேரு மட்டும் ஒனக்கா?” என்று ஒருநாள் கேட்டே விட்டாள். சந்திரம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. உடம்பு சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

குழந்தைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை சங்கமித்ரா. பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், ராவெல்லாம் தோளில் போட்டுத் தட்டினாள். ஆனால் “நான் பெத்தேன்” என்று வாயில் வரவில்லை. “எடுத்தாங்க” என்றுதான் வந்தது. ஒருநாள் சீனுவிடம், “மாத்திட்டிருந்தாங்கன்னா?” என்றாள்.

“யாரு?”

“ஆஸ்பத்திரில. நான் பாக்கலையே.”

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. “இந்தக் கொரல கேட்டுமா ஒனக்கு டவுட்டு?” என்றான் சீனு.

“தொண்ட எல்லாக் கொழந்தைக்கும்தான் கீது.”

வேலைக்குத் திரும்பிய பிறகு முனிகிருஷ்ணனிடமும் சொல்லிப் பார்த்தாள். ஹெப்பகோடியில் பஸ் நிற்கிற இடைவேளை, இருவர் கையிலும் டீ. “அண்ணா, பஸ்ல யாராவது பைய உட்டுட்டுப் போனா, அடையாளம் சொல்லு, அப்பறம் எடுத்துனு போன்னு சொல்றோம். எம் பொண்ண யாராவது அப்படிக் கேட்டா நான் என்ன அடையாளம் சொல்றது? வரும்போது எப்பிடி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.”

முனிகிருஷ்ணன் யோசித்தார். அத்திபெலேயில் மூன்று பெண்களுக்கு அப்பா. யோசித்துத்தான் சொன்னார். “நம்ம வண்டி எஃப்.சி.க்குப் போவுது. அங்க எத கழட்டறான், எத மாட்டறான், நான் பாக்கறனா? திரும்பி வந்தா நம்ம வண்டிதானே சங்கமா?”

அன்றைக்கு மடிவாளா வரும்வரை அவருக்கு “ரைட்” சொல்லாமல் வெறும் விசில் மட்டும் ஊதினாள்.

தோல் பை இப்போது வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாறியிருந்தது. பழைய பக்கம் மாட்டினால் அதன் ஓரம் தையல் மேல் போய் இடிக்கும். குளிர் நாளில் தழும்பு அரிக்கும். கூட்டத்தில் சொறிந்துகொள்ள முடியாது. சீட்டுக் கம்பியில் ஒட்டி நின்று, டிக்கெட் கிழிக்கிற சாக்கில் லேசாக உரசிக்கொள்வாள். கைக்குழந்தைக்காரிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததும் இந்தச் சமயத்தில்தான்.

தர்ஷினிக்கு ஒன்றரை வயது நடக்கும்போது, கூட்டமில்லாத ஒரு முற்பகலில், அடுகோடி நிறுத்தத்தில் ஒரு அம்மாள் ஏறினாள். சின்னக் குடை, கழுத்தில் சிலுவை, கையில் மருந்துக் கடைப் பை. “பொம்மனஹள்ளி ஒண்ணு குடும்மா” என்றாள். முகம் சங்கமித்ராவுக்கு ஞாபகம் வரவில்லை, அன்றைக்கு முகத்தில் துணி கட்டியிருந்தது. குரல் ஞாபகம் வந்தது. எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடச் சொன்ன குரல்.

டிக்கெட் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“சிஸ்டர், நீங்க பெரசவ ஆஸ்பத்திரி தியேட்டர்ல இருக்கறீங்க இல்ல?”

“ஆமா. டோரதி. நீ யாரும்மா?”

“போன வருஷம் உகாதி முடிஞ்சு… கொடி சுத்தினு இருந்துச்சு. பொட்டப் புள்ள. மயக்கம் குடுத்து எடுத்தீங்க. சிஸ்டர், அது வெளில வந்ததும் கத்துச்சா?”

டோரதி அவளை நன்றாகப் பார்த்தாள். நினைவுக்குக் கொண்டுவர முயற்சி செய்தது தெரிந்தது. “மறைக்கறதுக்கு என்னா, நெனப்பு இல்லம்மா. எத்தன பேரு வராங்க.”

“மொதல்ல ஆட்டோக்காரன் கைல குடுத்துட்டீங்க.”

“அய்யோ!” டோரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். “ஆளு யாருன்னு கேப்போம். யாரு எழுந்து வராங்களோ அவங்களாண்ட குடுப்போம். ஆனா மொதல்ல அவனாண்ட குடுத்திருக்க மாட்டேன். ஒன்னாண்டதான் குடுத்திருப்பேன்.”

“நான் மயக்கத்துல இருந்தேனே.”

“நீதானே மயக்கத்துல இருந்த? புள்ள முழிச்சினுதானே இருந்திருக்கும்?”

சங்கமித்ரா டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தாள்.

“தொடச்சு, துணியில சுத்தி, அம்மா கன்னத்துல கன்னம் வெச்சிட்டுதான் வெளில எடுத்துனு போவேன். தூங்கறவங்களுக்குந்தான். டாக்டரம்மா திட்டுவாங்க, நேரமாவுது டோரதின்னு. எவ்ளோ அவசரமா இருந்தாலும் அத நான் உட்டதில்ல. நீ அத கடைசியா பாத்தியோ என்னமோ, எனக்குத் தெரியாது. அது மொதல்ல பாத்தது ஒன்னத்தான்.”

பாஸ் இல்லாமல் “பாஸ்” என்று சொல்கிறவனைப் பார்வையிலேயே கண்டுபிடிக்கிறவள் சங்கமித்ரா. அந்தப் பார்வையை டோரதி மேல் வைத்துப் பார்த்தாள். நடந்ததைச் சொல்கிறாளா, வருத்தமாக இருக்கிறவளுக்கு ஆறுதலாக ஒன்றைச் சொல்லிவைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ தாய்மார்களைத் தேற்றித் தேற்றிப் பழகிப்போன முகம் அது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. நெனப்பு இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டவள் பிறகு மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. நெனப்பு இல்லாதவள் எப்படி நிச்சயமாகச் சொல்கிறாள் என்று அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

பொம்மனஹள்ளியில் டோரதி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் புறப்படவில்லை. முனிகிருஷ்ணன் கண்ணாடியில் பார்த்து, “என்ன சங்கமா, தூங்கிட்டியா?” என்று குரல் கொடுத்தார்.

“ஆமாண்ணா, தூங்கினுதான் இருந்தேன்” என்றாள். “ரைட்!”

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் விடுமுறை நாளில் மத்தியானம் சாப்பாடு முடிந்து, முன்னறையில் சந்திரம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மின்விசிறிக்குக் கீழே தர்ஷினி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். சங்கமித்ரா துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். முக்கியமான ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. எந்தக் கன்னம்?

கதவை லேசாகச் சாத்தினாள். குழந்தையின் பக்கத்தில் தரையில் படுத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், அன்றைக்குப் போல. மெல்ல நகர்ந்து இடது கன்னத்தை அந்தக் கன்னத்தோடு வைத்தாள். வெதுவெதுப்பாக, கொஞ்சம் எச்சில் ஈரமாக இருந்தது. மூச்சுக்கூட விடாமல் ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று காத்திருந்தாள். தூக்கம் கலைந்த தர்ஷினி “ச்சீ” என்று முனகி, சின்னக் கையால் அந்த முகத்தைத் தள்ளிவிட்டாள்.

சங்கமித்ரா கண்ணைத் திறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, வலது கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.