காக்கை வராத ஏரி

எங்கள் அத்தை ஊமை என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பேச்சு இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அவள் ஊமை இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்னோடு பேசுவாள், அம்மாவோடு பேசுவாள், தறியில் இழை அறுந்தால் அந்த இழையோடுகூடப் பேசுவாள். வெளியாள் ஒருவர் வாசலில் வந்து நின்றால் மட்டும் அவள் குரல் எங்கோ போய்விடும். அந்தச் சுபாவம் எனக்கும் உண்டு என்பதால் நான் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. தட்டோடு வந்து நின்றவளிடம் பெயர் கேட்டார்கள். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாதான் பெயரைச் சொன்னாள். அடுத்து வந்தவர்களுக்கும் அம்மாவே சொன்னாள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை, பேச்சுதான் பரவியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அந்த வருஷம் மாசி அமாவாசைக்கு நெசவாளர் சங்கத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சங்கத்துக் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போவது; அங்கே ஒரு காவலர் ஏரிக்கரையில் எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுவார். சங்கத்தில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு இதில் ஒரு யோசனை உதித்தது. அய்யம்பேட்டையில் ஒரு பையன் இருந்தான். நல்ல தறிக்காரன், தகப்பன் இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்குக் குடும்பம் பிடித்திருந்தது, ஆனால் பெண்ணின் குரலைக் கேட்காமல் தாம்பூலம் மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவர்களையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டால் என்ன?

"தட்டைக் குடுத்து நிக்க வெச்சா யாருக்குத்தான் வாய் வரும், அண்ணி? நடந்துக்கினே பேசினா தானா வந்துடும். நாலு வார்த்தை அந்தம்மா காதுல விழுந்தா போதும். மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அத்தை அடுப்படியில் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். நாலு வார்த்தை எதற்கென்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குத் திடீரென்று பறவைகள் மேல் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சந்தோஷப்பட்டேன்.

நாளெல்லாம் பட்டு நெய்தாலும் எங்கள் வீட்டில் பட்டுக் கட்டுவது கல்யாணத்துக்கு மட்டும்தான். அன்றைக்கு அம்மா தன் கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து அத்தைக்குக் கட்டிவிட்டாள். நல்ல அரக்குச் சிவப்பு. விடியற்காலையில் அப்பா சாமி கும்பிட்டு, காக்கை சோறெடுத்த பிறகு புறப்பட்டோம். எங்கள் வீட்டில் காக்கையைக் கூப்பிடுவது அத்தையின் வேலை. கொல்லைச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு, தெருவைப் பற்றிய நினைப்பே இல்லாமல், தலையை நிமிர்த்தி, நீளமாகக் கூப்பிடுவாள். அடுத்த வீட்டுச் சுவரில் சோறு பார்த்துக்கொண்டிருக்கும் காக்கைகூட எங்கள் சுவருக்கு வந்துவிடும்.

அய்யம்பேட்டை அம்மா பஸ்ஸில் கையில் ஒரு சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன கணவருக்காக அமாவாசை விரதம் இருப்பவள். காக்கை சோறெடுக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. புறப்படும் அவசரத்தில் காக்கைக்கு வைக்க முடியவில்லையாம். "போற இடத்துல பறவைக்கா பஞ்சம்? அங்கியே வெச்சுக்கலாம்" என்று தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் மகன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஏரிக்கரையில் காக்கிச் சட்டை போட்ட காவலர் எங்களை வரிசையாக நிறுத்தினார். பல வருஷம் கிசுகிசுத்தே பேசிப் பழகிய குரல் அவருக்கு.

"குஞ்சு பொரிச்சிருக்குது. சத்தம் கேட்டாலும் செவப்பைக் கண்டாலும் தாய் எழுந்து போயிடும். அதனால ரெண்டே விஷயம். யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. செவப்பு கட்டினவங்க மூடிக்குங்க."

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மா பஸ்ஸுக்குப் போய் அப்பாவின் பழைய போர்வையைக் கொண்டுவந்து அத்தையின் தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். புடவையும் தெரியாமல், குரலும் கேட்காமல், அத்தை ஒரு மூட்டையைப் போல அய்யம்பேட்டை அம்மாவுக்கு முன்னால் நடந்தாள்.

எனக்கோ அப்படியொரு நாள் அதுவரை வாய்த்ததில்லை. தண்ணீருக்குள் நின்ற மரங்களில் இலை எது, பறவை எது என்றே தெரியவில்லை. காவலர் ஒரு கிளையை விரலால் காட்டுவார், வரிசை முழுவதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். கூழைக்கடாவின் வாய்க்குள் அதன் குஞ்சு தலை முழுவதையும் விட்டுச் சாப்பிடுவதை அத்தைதான் முதலில் பார்த்தாள். என் தோளைத் தொட்டுக் காட்டினாள். போர்வைக்குள் அவள் முகம் மலர்ந்திருந்தது. ஒருவரும் பேசாத இடத்தில் அவளும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள்.

உச்சி வெயிலில் கரையோரத்து மரநிழலில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் புளியோதரையைப் பிரித்தார்கள். அய்யம்பேட்டை அம்மா இலைத்துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய் எல்லாம் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆயிரக்கணக்கில் பறவை, ஆனால் ஒரு காக்கை இல்லை. காவலரைக் கேட்டால், காக்கை முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் கண்டாலே துரத்திவிடுவோம் என்றார். கூப்பிடக் கூடாதா என்றதற்கு, பறவையெல்லாம் கிளம்பிவிடும் என்று கைகூப்பினார்.

நேரம் போனது. அந்த அம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. மகன் தண்ணீராவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினான், அவள் தலையை ஆட்டினாள். சித்தப்பா தண்ணீர் ஓரமாகச் சிறகு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பறவையைக் காட்டினார்.

"அதோ நீர்க்காக்கா இருக்குதே. அதுவும் காக்காதானேம்மா?"

"அது மீன் திங்குது. எங்க வீட்டுக்காரரு சுத்த சைவம்பா" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, அந்த அம்மா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவள் மகன் துண்டால் விசிறினான். சித்தப்பா பஸ் டிரைவரைத் தேடி ஓடினார். வந்த காரியம் போயிற்று என்பது எங்கள் அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் அத்தை எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இலையை எடுத்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டியபடி, கரையின் மறுபக்கம் வயல்வெளிக்கு இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். தூரத்தில் பனைமரங்கள் நின்றன. வரப்போரத்தில் இருந்த ஒரு கல்லின்மேல் இலையை வைத்தாள். போர்வை தடுக்கியது, அதை உதறிக் கீழே போட்டாள். தலையை நிமிர்த்தினாள். பிறகு எங்கள் கொல்லைச் சுவரில் நிற்பது போலவே நின்று கூப்பிட்டாள்.

கா... கா... கா...

பின்னால் ஏரியில் கொஞ்சம் வெள்ளைச் சிறகுகள் எழுந்து திரும்ப அமர்ந்தன. கரைமேல் எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். காவலர் சரிவில் விழுந்தடித்து இறங்கி வந்தார்.

"ஏம்மா, அவ்ளோ சொல்லியும்..."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி அவளுக்குக் குரல் வராது என்றுதான் நினைத்தேன்.

"அவங்க நேத்து ராவுலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. மயங்கிக் கெடக்குறாங்க. காக்கா வந்துட்டா நிறுத்திடறேன். அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க."

காவலர் கல்லின்மேல் இருந்த இலையைப் பார்த்தார். பிறகு பனைமரங்களைப் பார்த்தபடி அவரும் அங்கேயே நின்றுகொண்டார். அத்தை இன்னொரு முறை நீளமாகக் கூப்பிட்டாள். ஒரு காக்கை பனையிலிருந்து இறங்கி, தாழப் பறந்து வந்து, கல்லைச் சுற்றி நடந்து, எங்களைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வாய் எடுத்தது.

நாங்கள் கரையேறியபோது அய்யம்பேட்டை அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். காவலர் ஓடிவரும் அவசரத்தில் கரையில் விட்டுவந்த தொலைநோக்கி அவள் மகனிடம் இருந்தது. அவன் அதைக் கண்ணிலிருந்து எடுக்காமல் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்குத் திசை தெரியவில்லை என்று நினைத்து, "பறவைங்க அந்தப் பக்கம் இருக்குது" என்று காட்டினேன். அவன் காது சிவந்துபோனது. பெரியவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த அம்மா முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்: "உயிரோட இருந்தப்போ நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இப்படி ஓடி வந்ததில்ல அந்த மனுசன். உன் குரலுக்கு வந்துட்டாரு பாரு."

எங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கம்போல ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் இந்த முறை அவளுக்குப் பதிலாக யாரும் பேசவும் இல்லை.

சாயங்காலம் பஸ் காஞ்சிபுரத்துக்குத் திரும்பியது. பின் சீட்டில் சித்தப்பாவும் அந்த அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். "அவரே வந்து சொல்லிட்டாரு. இனிமே நான் யாரைக் கேக்கணும்?" என்று அவள் சொன்னது கேட்டது. நான் திரும்பிப் பஸ் முழுவதும் தேடினேன். புதிதாக யாரும் ஏறியிருக்கவில்லை. காவலரைத்தான் சொல்கிறாள்போல என்று முடிவுக்கு வந்தேன். அவர் வரும்வழியிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

அத்தை ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். போர்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். புடவையின் சிவப்பு அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அவள் முந்தானை ஜன்னல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மாசி மாதம், காற்று குளிர்கிறது, பாவம் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து எக்கி, ஜன்னல் பலகையை இறக்கிவிட்டேன்.

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அந்தப் பலகையை மறுபடியும் முழுவதுமாக மேலே தூக்கிவிட்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு ஊர்வரை வந்தாள்.