ஜெபத்துக்கு வந்த வண்டி

நாவலூரில் நான் பார்த்த வேலையை வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம். இணையத்தில் ஊரார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதை அள்ளி வந்து, யாருக்குக் காய்ச்சல், எந்தப் பகுதியில் என்று பிரித்து வைப்பதுதான் வேலை. காய்ச்சல் அதிகமான பகுதி திரை வரைபடத்தில் சிவப்பாகும். எங்களோடு சேர்ந்து வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்திடம் மருத்துவ வண்டி ஒன்று இருந்தது. டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதிலேயே. சிவப்பு எங்கேயோ வண்டி அங்கே.

"ஊர் வம்பைப் படிக்கறதுக்குச் சம்பளமா?" என்பார் அம்மா. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கே காய்ச்சல் வந்தது. எங்கள் சபையில் யாராவது படுத்துவிட்டால் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். பாடகர் குழுப் பிள்ளைகள் அப்போதுதான் இணையத்தில் கணக்கு தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு வரை காத்திருப்பானேன்? "ஆன்ட்டிக்கு ஃபீவர், ப்ளீஸ் ப்ரே" என்று ஒருத்தி எழுத, அதை அப்படியே எடுத்து அடுத்தவள் தன் தோழிகள் பக்கத்திலெல்லாம் ஒட்ட, அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். அம்மா மிளகு ரசம் குடித்தபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா வந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர். கூடையைக்கூட இறக்கவில்லை.

"குப்பத்துல வூட்டுக்கு வூடு ஜொரம் பாப்பா. எம் பொண்ணு எய்ந்துக்கவே மாட்டேங்குது. மாத்திர வாங்கி குட்த்தேன், கேக்கல. நடக்கவே முடியாதத எங்க இட்டுக்கினு போறது? உங்க ஆபீஸ்ல டாக்டர் வண்டி கீதாமே, அத்த எங்க பக்கம் வர சொல்லேன்."

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்தால் எங்கள் தெருவைச் சுற்றி ஒரே சிவப்பு. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் எங்கள் அம்மா. ஒரே ஒரு காய்ச்சல், ஊர்ப்பட்ட ஜெபம். கடற்கரைப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. குப்பத்தில் யாருக்கும் இணையக் கணக்கு கிடையாது.

டீம் லீடிடம் ஓடினேன். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், இது மொத்தமும் எங்கம்மா ஒருத்திதான்."

சிரித்தார். "டேட்டால அம்மாவையே கண்டுபிடிச்சிட்டீங்களா!"

"சிரிக்காதீங்க சார். நிஜமான காய்ச்சல் குப்பத்துல இருக்கு. அங்க ஒரு பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குது."

"அங்கேருந்து ஒரு போஸ்ட் காட்டுங்க, மாத்திடறேன். ஆளாளுக்குத் தெரிஞ்ச இடத்தச் சொல்ல ஆரம்பிச்சா இது ரிசர்ச்சே இல்லம்மா."

கத்தினேன். மேலே மெயில் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பரிசீலனை! இன்றைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி எங்கள் சபை மைதானத்தில் வந்து நின்றது. அம்மாவுக்கு அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. இருந்தாலும், வந்த வண்டியை விடுவானேன் என்று போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் பிரஷர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து சாட்சி சொன்னார்: பிள்ளைகள் ஜெபித்தார்கள், கர்த்தர் டாக்டரையே வாசலுக்கு அனுப்பினார். சபையே அல்லேலூயா என்றது. அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

மீன்கார அக்கா ரொம்ப நாள் வரவில்லை. வந்த அன்று கேட்டருகே கூடையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொண்ணு போய்விட்டது என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வேறென்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வண்டி இங்க வந்துச்சாமே டீச்சரம்மா. இன்னா பண்ணி வர வெச்சீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஜெபம் பண்ணோம்மா."

அக்கா தலையை ஆட்டினார்.

"நாங்களுந்தான் வேண்டிக்கினோம்" என்றார்.