ஜீப் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம்

காலை ஐந்தரை மணி. கம்பத்தில் நான் டீ குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சியம்மா மட்டும் ஏறாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாராச்சும் வரணுமாக்கா?" என்று கேட்கிறேன்.

"மகனுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் பொண்ணு பாத்திருக்கோம். நேத்து வந்து தங்கிருக்காக. வீட்டைப் பாத்தாக, மாப்பிள்ளையப் பாத்தாக, ஒண்ணும் சொல்லல. பொண்ணோட அம்மா, வீட்டுல இருந்து ஜீப்புக்கு நடந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னுட்டாக. மக தெனமும் நடக்கப்போற தூரமாச்சே."

எனக்குச் சிரிப்பு வருகிறது. ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"ஆண்டிபட்டிப் பக்கம் மழை பேஞ்சாத்தான் வேலை. இங்கன ஜீப்பு வந்தா வேலை. எங்க தெருவுல பாதிப் பேரு அப்படி வந்தவுகதான். நானும்தான்" என்கிறார் பேச்சியம்மா.

ஜீப் நிற்கும் இடத்தை ஒட்டிய வீடுகளுக்குத்தான் இங்கே வாடகை அதிகமாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றால் யாரும் மயங்குவதில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். தெருமுனையிலிருந்து ஒரு பெண்மணி வேகமாக நடந்து வருகிறார். பேச்சியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறார். வந்தவர் ஜீப் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குகிறார்.

"போட்ட வெத்தலைய மென்னு முடிக்கல, வந்துட்டேன். பொண்ணு தாரோம் மதினி."

ஜீப்புக்குள் கலகலவென்று பேச்சு எழுகிறது. அவர் திரும்பி, வந்த தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல, எங்களுக்கு ஒரு வீடு கெடைக்குமா?"