நாலு ஸ்பீக்கருக்கு நடுவில் அக்கா

பெரம்பலூர் வட்டாரத்திலேயே நாலு ஸ்பீக்கர் வைத்த வெளிநாட்டு செட்டை முதன்முதலில் மாட்டி ஓடவிட்டவன் நான்தான். குரும்பலூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வேண்டாம், கேட்காதீர்கள். கேட்டால் சிரிப்பார்கள். மாட்டியது என் அக்கா. அந்த நேரத்தில் நான் வேப்பமரத்தின் மேல் இருந்தேன்.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அக்கா மகன் வந்து கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, முதலில் ஊர் வாத்தியாரைக் கேட்டிருக்கிறான், அவருக்கு நேரம் இல்லையாம். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் வாயால் ‘அவள்’ என்கிறேன், காகிதத்தில் ‘அவர்’ என்று விழுகிறது. போன பிறகும் அக்காவுக்குத்தான் மரியாதை ஏறுகிறது. எனக்கு இருக்கிற மரியாதை நீங்கள் அறிந்ததே.

அக்கா பிறந்தது ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரிக் காட்டுக் கூலிக்காரர் வீட்டில். அப்பாவும் அம்மாவும் கொட்டை பொறுக்கப் போனால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த இரண்டு வருடமும் அம்மா மடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

முந்திரி உடைத்து உடைத்து, அந்தத் தோல் எண்ணெய் பட்டு அக்காவின் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரலோடு எட்டாவது வரை படித்தார். நான் இரண்டாவதிலேயே பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதித்தவன். யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் குதித்தேன். ஆனாலும் அப்பா டவுனுக்குப் போகும்போது பஸ் போர்டு படிக்க அக்காவைக் கூட்டிப் போவார், மூட்டை தூக்க என்னைக் கூட்டிப் போவார். கடையில் அக்காவுக்கு முறுக்கு வாங்கித் தருவார். மூட்டை தூக்குகிறவனுக்குக் கை ஒழியாதாம்.

குரும்பலூரில் அக்காவைக் கொடுத்தோம். சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போன நான் திரும்பி வரவில்லை. அங்கேயே பெரம்பலூரில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்துகொண்டேன். கல்யாணமோ கோயில் திருவிழாவோ, மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது என் வேலை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனால் முதலாளி கையைத் தட்டிவிடுவார். ஆனால் தெருவில் என்னை ‘மைக் செட்காரர்’ என்று கூப்பிட்டார்கள். நான் எதற்கு மறுக்க வேண்டும்?

எழுபதுகள் முடிகிற சமயத்தில், லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் அத்தானை வளைகுடாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். கட்டட வேலை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். அத்தானுக்கும் எழுத்து வராது, அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். அவர்கள் குடும்பத்தில் டேப் ரெக்கார்டர் இருந்தது அத்தானின் அண்ணன் வீட்டில் மட்டும். கேசட் வந்தால் பங்காளி, சம்பந்தி, பக்கத்து வீடு எல்லாம் அங்கே கூடிவிடும். நடுவில் டேப்பை வைத்து, சுற்றிலும் உட்கார்ந்து கேட்போம்.

“அம்மா, முட்டிவலி எப்படி இருக்கு? அண்ணே, கெணத்துல தண்ணி கெடக்கா? செவல மாடு கன்னு போட்டுடுச்சா?”

எல்லோரையும் விசாரித்து முடித்துவிட்டு, கேசட் தீரப் போகிற சமயத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்பறம்... அவளும் ஒடம்பப் பாத்துக்கட்டும்” என்பார். அவ்வளவுதான். மாட்டைக்கூட நிறம் சொல்லிக் கேட்டார், அக்கா வெறும் ‘அவ’. இத்தனை பேர் காதுக்கு நடுவில் மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்? அக்கா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். எனக்குக்கூட ஒரு வரி வந்தது: “மைக் செட்காரர மரத்துல பாத்து ஏறச் சொல்லுங்க.” அக்காவுக்கு வந்ததைவிட அது நீளம். என் வாழ்க்கையிலேயே அக்காவைப் பார்த்து எனக்குப் பொறாமை வராத இடம் அது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த பாய் விடுமுறையில் வந்தார். அத்தான் கொடுத்தனுப்பியது என்று அக்கா வீட்டு வாசலில் வேனில் இருந்து அட்டைப்பெட்டிகளாக இறக்கினார். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஒரு பெரிய பெட்டி, கேசட் போடும் டேப், ரெக்கார்டு பிளேயர், வீடியோ டெக், நாலு ஸ்பீக்கர். போதாததற்கு ஒரு சாக்கு நிறைய வயர். எல்லாம் இறக்கிய பிறகு சட்டைப்பையில் இருந்து ஒரு கேசட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

“இத தங்கச்சி கையில மட்டும் குடுக்கணும்னு சொல்லிவுட்டாரு. குடுத்துட்டேன். என் பொறுப்பு தீந்துச்சு.”

அக்கா அதை வாங்கிய வேகத்தை நான் பார்த்தேன். அத்தானின் அண்ணனும் பார்த்தார். அவர் பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இத்தன சாமானையும் யாரு ஒண்ணா மாட்டுறது? வயரு மட்டுமே ஒரு வண்டி இருக்கு. வெளிநாட்டுச் சாமான் வாங்குற திருச்சிக்காரன் ஒருத்தன் ஞாயித்துக்கெழம வரான். குடுத்துப்புட்டு ஒரு சோடி ஒழவு மாடு புடிச்சிடலாம். கேசட்ட நம்ம வூட்டுக்கு எடுத்தாம்மா, எப்பவும் போல எல்லாரும் ஒக்காந்து கேப்போம்.”

“மாமா, ஞாயித்துக்கெழமைக்குள்ள பாடிடுச்சின்னா?” அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், ஆனால் கேசட்டை விடவில்லை.

“பாடுனா வச்சிக்க. நான் வேணாங்கல. பாட வைக்க யாரு இருக்கா இங்க?”

“நான் இருக்கேன்ல!” என்று மார்பைத் தட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்ததாக நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெட்டியின் பின்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை. டேப்பில் இருந்து வரும் வயரைக் கண்ணில் பட்ட முதல் ஓட்டையில் செருகினேன். மேடேற முடியாத லாரி மாதிரி உறுமியது. அது ரெக்கார்டு பிளேயருக்கு உரிய ஓட்டையாம். டேப்பிலும் பெட்டியிலும் ஒரே பேர் போட்ட ஓட்டை எது என்று அக்காவைப் படிக்கச் சொல்லி அதில் செருகினேன், சத்தமே இல்லை. சரி, முதலில் ஸ்பீக்கரைக் கட்டுவோம், அது நமக்குத் தெரிந்த வேலை என்று இரண்டு ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டி, வாசல் வேப்பமரத்தில் ஏறிவிட்டேன்.

அக்கா வெளியே ஓடி வந்தார். “டேய், என்னடா பண்ற?”

“ஒண்ணு கெழக்குத் தெருவப் பாக்க, இன்னொண்ணு கோயிலப் பாக்க. எல்லாத்தையும் வூட்டுக்குள்ளயே வச்சா யாருக்குக் கேக்கும்?”

“எனக்கு.”

“ஒனக்கு ஒருத்திக்கா நாலு ஸ்பீக்கரு?”

“ஆமாண்டா. எனக்கு ஒருத்திக்குத்தான்.”

மைக் செட்டில் சத்தம் ஊருக்குப் போக வேண்டும். ஒரே ஆளை உட்கார வைத்து நாலு பக்கமும் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஸ்பீக்கரைக் கயிற்றிலேயே கீழே இறக்கி வாங்கிக்கொண்டு அக்கா உள்ளே போய்விட்டார். நான் இறங்கவில்லை. ரோஷம். கிளையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியோடு ஒரு படம் போட்ட புத்தகம் வந்திருந்தது. அக்கா அதைத் தரையில் விரித்து வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். ஸ்பீக்கர் வயரில் இரண்டு இழையும் ஒரே நிறம். ஒரு இழைக்கு இரண்டு முனையிலும் மஞ்சள் தடவினார். மஞ்சள் இழையைச் சிவப்புத் திருகில், மற்றதைக் கறுப்புத் திருகில் முடுக்கினார். நாலு ஸ்பீக்கரையும் நாலு மூலையில் வைத்து, முகத்தை நடுவில் கிடந்த பாயைப் பார்க்கத் திருப்பினார். பிறகு டேப்புக்கு வந்து, நான் செருகியிருந்ததைப் பார்த்து, ஜன்னல் பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏண்டா, ‘இன்’னுல ‘இன்’ன செருவி வச்சிருக்க?”

“ரெண்டுலயும் ஒரே பேரு போட்டிருக்குன்னு நீதான படிச்சிச் சொன்ன? ஒரே பேருன்னா சேத்து வைக்க வேண்டாமா?”

“பொண்ணு குடுத்தவங்க வூட்டுலேருந்து வெளிய வந்து, எடுத்தவங்க வூட்டுக்குள்ள நொழையுறா. ரெண்டு வூடும் பொண்ணு கேட்டு வாசலத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னா, அனுப்புறது யாரு? டேப்பு ‘அவுட்’டுல குடுக்குது, பெட்டி ‘இன்’னுல எடுக்குது. அப்பறம் பெட்டி குடுக்குது, டேப்பு எடுக்குது. அப்பதான் நான் பேசுறதயும் பதிய முடியும். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற சம்பந்தம்டா இது.”

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் புரியவில்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

வீடியோ டெக்குக்கு டி.வி. இல்லை. ஆனாலும் அதன் சத்தத்துக்கு ஒரு ஓட்டை தேடி, வயரைச் செருகி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சிக்காரரோடு அத்தானின் அண்ணன் வந்து பாயில் உட்கார்ந்தார். அக்கா ரெக்கார்டு பிளேயரில் ஒரு தட்டைப் போட்டு முள்ளை வைத்தார். செட்டோடு வந்த தட்டு. முன்பக்கம் ரயில் கூவியது, அப்படியே ஓடி வந்து பின்பக்க மூலையில் போய் மறைந்தது. அத்தானின் அண்ணன் காலை மடக்கிக்கொண்டார். திரும்பிப் பின்னால் பார்த்தார். அப்புறம் யாரும் பார்க்கவில்லையே என்று என்னைப் பார்த்தார்.

“இருந்துட்டுப் போவட்டும்” என்று திருச்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஊரே வாசலில் நின்றது. அக்கா எல்லோரையும் கும்பிட்டு வெளியே அனுப்பினார். என்னையும்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நான் சுவரில் காதை வைத்தேன். அத்தான் குரல் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா சிரித்தார்.

நான் ஊரையே சிரிக்க வைக்கிறவன். சாவு வீட்டில்கூட என் பேச்சுக்குச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். அக்கா மட்டும் என்றைக்கும் “போடா, வேலையப் பாரு” என்பாரே ஒழியச் சிரித்தது கிடையாது. கடல் தாண்டி இருக்கிற, நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், ஒரு கேசட்டில் அவரை அப்படிச் சிரிக்க வைத்துவிட்டார். சுவரை ஒட்டி நின்றுகொண்டு நான் அத்தானைத் திட்டிய திட்டு அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

அதோடு விட்டதா? பாய் லப்பைக்குடிக்காட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அங்கே வீட்டுக்கு வீடு வெளிநாட்டு செட், மாட்டாமல் கிடந்தது. ஆண்கள் எல்லாம் வளைகுடாவில், மெக்கானிக்கை உள்ளே விட முடியாது. “ஒங்க அக்காவ அனுப்புங்க தம்பி” என்று கார் வந்து நிற்கும். அக்கா பின்சீட்டில், நான் முன்சீட்டில் வயர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு. அங்கே போனதும் அக்கா உள்ளே போய்விடுவார். பேரீச்சம்பழமும் பிரியாணியும் உள்ளே. எனக்கும் டிரைவருக்கும் வெளியே டீ. “மாஷா அல்லா, கைராசிக்காரி!” என்று உள்ளே ஒரு அம்மா சொல்வது எங்களுக்குக் கேட்கும். டிரைவர் என்னைப் பார்த்து, “நீங்க அவங்களுக்கு அசிஸ்டெண்டா சார்?” என்றார். ‘சார்’ போட்டதால் மன்னித்தேன்.

அக்கா இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், மாமியாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார், எனக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தார். அந்தப் பெண்ணும் கொஞ்ச நாளில் அக்கா கட்சிக்குப் போய்விட்டாள். கடைசியில் மூச்சுத்திணறல் வந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “இப்பவாவது சொல்லேன். அன்னைக்கு அத்தான் அப்படி என்னதான் சொன்னாரு?”

“சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னியே, கேக்கலயா?” என்றார். அதோடு கண்ணை மூடிக்கொண்டார். சொல்லவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்களுக்கும், கேதத்துக்கு வேன் பிடித்து வந்த லப்பைக்குடிக்காட்டுப் பெண்களுக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும் குடும்பத்தின் சார்பில் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, எனக்கு இதில் பாதி வருமா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

அத்தான் இப்போது அந்த நாலு ஸ்பீக்கர் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. வளைகுடாவுக்கு அக்கா பேசி அனுப்பிய கேசட்டுகளை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒரு வாரமாகப் பழைய செட்டைத் துடைத்துத் துடைத்து மாட்டிப் பார்க்கிறார். சத்தம் வரவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. விவரமான மனுஷன்.

இருக்கட்டும். அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கல்யாண வீட்டுக் கதையை விடக் கூடாது. வீடியோ டெக்கை டி.வி.யிலும் ஆம்ப்ளிஃபயரிலும் மாட்ட அக்கா உள்ளே போயிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். நான் காரில் உட்கார்ந்தபடியே, மாட்டுகிறவன் நான்தான் என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், “இவருதான் மெக்கானிக்கு, வழிவிடுங்க” என்று வாசலில் நிற்கிறார். அப்போது அக்கா உள்ளேயிருந்து...

“மாப்ள!”

உள்ளே அறையில் இருந்து அத்தான் கூப்பிடுகிறார்.

“இருங்க அத்தான், மலருக்குக் கத சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“கத கெடக்கட்டும். அவ பேசுறா, வந்து கேளுங்க.”

“இதோ வந்துட்டேன்.”

“வரும்போது கதவச் சாத்திட்டு வாங்க.”