சாட்சிக் கையெழுத்து

வக்கீல் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் உயில்களைத் தட்டச்சு செய்துவந்த பெரியவளிடம், ஒரு நாள் அவளுடைய அப்பாவே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடும்மா."

அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். 'நான் குடியிருக்கும் வீட்டை என் இளைய மகளுக்கு' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"உனக்கு வேலை இருக்கு, சொந்தமா ஃபிளாட் இருக்கு. அவ வாடகை வீட்டுல அல்லாடுறா," என்றார் அப்பா. "நான் போனப்புறம் எல்லாத்தையும் முடிச்சுக் குடுக்கிற பொறுப்பை உன் பேருல போடு. உன்ன விட்டா யாரு ஒழுங்கா செய்வா?"

சொத்து அவளுக்கு, அலைச்சல் எனக்கு என்று நினைத்துக்கொண்டே அதையும் அடித்தாள். கண் ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டிப்போனவள் இவள். மாத்திரை வாங்கி வைப்பவளும் இவள்தான். சின்னவள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அப்பாவின் முகம் பூவாய் மலர்ந்துவிடும். சின்ன வயதில் ஜன்னலோரக் கட்டிலும் அவளுக்குத்தான் போனது.

மறுநாள் அப்பா வீட்டில் கையெழுத்து. இரண்டு சாட்சிகள் வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் போட்டார். சோபாவில் உட்கார்ந்திருந்த சின்னவளின் கணவர், "குடுங்க மாமா, நான் போடுறேன்," என்று பேனாவை வாங்கினார்.

சொத்து பெறுபவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தச் சொத்து அவருக்குக் கிடைக்காது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி. வீடு இரு மகள்களுக்கும் சரிபாதியாகப் பிரிந்துவிடும். பெரியவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். வாயைத் திறக்கவில்லை. காகிதத்தை மடித்து உறையில் போட்டு, அப்பாவின் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பதினோரு நாள் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பன்னிரண்டாம் நாள், புதிதாக வந்த கட்சிக்காரரிடம் வக்கீல் இவளைக் காட்டிச் சொன்னார்: "இவங்க அடிச்ச உயில் ஒண்ணுகூட இதுவரைக்கும் கோர்ட்டுல விழுந்ததில்ல."

அதற்குமேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அன்று மாலையே புது உயிலோடும், சாட்சிக்கு அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரோடும் போனாள். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே சென்று அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மாப்பிள்ளை போட்டது தப்பா? இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?"

"அன்னிக்கே தெரியும்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பொறாமை."

"வீட்டு மேலயா?"

"அவ மேல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களக் கூப்பிடு," என்று பேனாவை எடுத்தார்.

அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். பெரியவளே கோர்ட்டுக்கு நடந்து, வீட்டைத் தங்கை பேருக்கு மாற்றிச் சாவியைக் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நீ மட்டும் இல்லன்னா..." என்று சின்னவள் கட்டிக்கொண்டு அழுதாள். இவளும் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னவள் கூப்பிட்டு, அப்பாவின் அறைக்கு அடித்திருந்த புது மஞ்சள் நிறத்தைக் காட்டினாள்.

"நல்லாயிருக்காக்கா?"

"ரொம்ப நல்லாயிருக்கு," என்றாள் பெரியவள். வயிறு எரிந்தது. காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.